வாடிவீட்டுக் கணக்கு

முட்டை பதினெட்டு. கோழி மூண்டு.
மண்ணெண்ணெய் ரெண்டு போத்தல்.
கட்டாமல் கிடக்கிறது ஏழு ரூபா நாப்பது சதம்.
பேர்: ஒடீல் து மொன்றேவல்.
அதை அவதான் புத்தகத்திலை எழுதினா,
நான் எழுதினால் பாதிதான் வரும்.
ஒட்டுசுட்டானிலை எல்லாருக்கும் அவ மொன்றேவலம்மா.

பிரான்சிலை நாப்பது அறை மாளிகையாம்.
வண்டில்கார அழகக்கோன் சொன்னவன்.
அவனுக்கு ஆர் சொன்னது?
இங்கை ஒரு அறை, முகட்டிலை வௌவால்.

வந்தவுடனை கேட்டது தண்ணி.
கிணத்துத் தண்ணி வைச்சன்.
தூரிகை தொட்டு ஒரு கோடு இழுத்தா,
காய்ஞ்ச ஓரத்திலை வெள்ளை பூத்திட்டுது. சுண்ணாம்பு.
பிறகு நாளும் விடியப்புறம்
குளத்திலையிருந்து ஒரு குடம்.
குளத்தைக் கீறக் குளத்துத் தண்ணி!
நான் சிரிச்சனான்.

ஆவணியிலை
நிறம் படிய முன்னமே காயுதெண்டு
வெயிலோடை பிரெஞ்சிலை சண்டை.
மாரி வந்தாப்போலை
காயுதில்லையெண்டு அதோடையும் சண்டை.

ஒருநாள் என்னை இருத்திக் கீறினா.
அண்டைக்கு எனக்கு நடுக்கக் காய்ச்சல்.
பாத்தால், கடதாசியிலை என்ரை தோளுக்கு
மூண்டு விளிம்பு.
திருத்தேல்லை. அப்பிடியே விட்டா.

முல்லைத்தீவுத் தபாலிலை
சிவப்பு அரக்கு வைச்ச கடிதங்கள் வரும்.
வாசிப்பா, திருப்புவா,
முதுகிலை குளம் கீறுவா.
கொழும்புக் கடதாசி முடிஞ்சு மாசமாச்சு.
நனைய நனைய மற்றப் பக்கத்து எழுத்துக் கரைஞ்சு
நீலமாய் இந்தப் பக்கம் ஊறும்.
அந்த ஊறலையும் வீணாக்கேல்லை,
மழை இருட்டாக்கினா.
என்ன எழுதியிருந்ததெண்டு கேக்க
எனக்கு வாய் வரேல்லை.

பச்சைக்கு மட்டும் தனிக் குப்பி.
முளைச்சு எட்டாம் நாள் நெல்லின்ரை பச்சை.
எங்கடை வயல் எப்பிடி
அந்தக் குப்பிக்குள்ளை போனதெண்டு யோசிச்சிருக்கிறன்.
தூரிகையை நாக்கிலை உருட்டிக் கூராக்குவா.
பச்சை. வாய். பச்சை. வாய்.
விளக்கு வைக்கும் வரைக்கும் உதுதான்.

தையிலை சத்தி, வயித்து நோ.
நகத்திலை குறுக்கை வெள்ளைக் கோடு.
நாங்கள் காய்ச்சலெண்டு கொயினா குடுத்தம்.
மாங்குளம் வரைக்கும் வண்டில், அங்காலை ரயில்.
கணக்குக்குப் பதிலாய் ஒரு குளம் தந்திட்டுப் போனா.
'படத்தை ஆரடா காசெண்டு எடுப்பான்?'
ஓவசியர் என்னைப் பேசின பேச்சு!

மூண்டு வரியத்திலை கறையான் ஏறிச்சுது.
வானம் போச்சு. அணைக்கட்டுப் போச்சு.
எருமையள், கரை மருது, கீழை போட்ட கையெழுத்து
எல்லாம் போச்சு.
வயல் மட்டும்
வெட்டி ஒட்டினமாதிரி நிக்குது.

அப்போதிக்கரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பாத்தார்.
'உந்தப் பச்சையிலை பாஷாணம் கிடக்கு.
பூச்சியும் தின்னாது.'

கணக்குப் புத்தகத்தை விரிச்சன்.
மூடினன்.
நாளும் விடியப்புறம்
அந்தத் தூரிகைக்குத்
தண்ணி கொண்டந்து வைச்சது நான்.