ஓய்வு நாள்

நாலாயிரத்து அறுநூறு மீட்டர்.
காலையில் மேலே ஏறித் தொட்டுவிட்டுக்
கீழே வந்து படுத்தாயிற்று.

விரலைக் கவ்விய கருவி
எழுபத்தொன்பது என்கிறது.
சாத்துர்னினா தன் விரலை நுழைக்கிறாள்.
கரி படிந்த அந்த நகத்தை
அதற்குப் படிக்கத் தெரியவில்லை.

ஷூ கயிறு கட்டக் குனிந்தால்
என் மூச்சு எங்கோ போய்விட்டு
மெல்லத் திரும்புகிறது,
கடன்காரனுக்கு ஒளிந்தவனைப் போல.

கோக்கா இலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
சொல்கிறாள்:
மகளைப் பார்க்க லிமாவுக்குப் போனேன்.
கடலோரம். காற்றா அது, கஞ்சி.
நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.
மூன்று ராத்திரி தூக்கமில்லை.

நாலாவது நாள்?

பழகிவிட்டது.
பயந்துபோய்
அன்றே பஸ் ஏறிவிட்டேன்.

மூடியைத் தூக்கி
உருளைக்கிழங்கைக் குத்திப் பார்க்கிறாள்.
இன்னும் வேகவில்லை.