குறுக்குக் கோடு போட்ட ஏழு

கொரிங்டேல் தொகுதியை
வரைபடத்தில் இனிமேல் தேடாதீர்கள்.
போன மறுசீரமைப்பில் கரைத்துவிட்டார்கள்.
ரயில் பாதைக்கு வடக்கே ஒரு தொகுதிக்கு,
தெற்கே இரண்டுக்கு.
சொத்துப் பிரிக்கிற வீட்டில் பழைய பியானோ போல
கடைசி வரை நின்றது டல்லக் தெரு.

பிறந்தது ஐம்பத்தெட்டில்,
மெல்பர்ன் நகரம் ஓய்ந்து
ஆப்பிளும் பேரிக்காயும் தொடங்குகிற இடத்தில்.
முதல் உறுப்பினர் கத்பர்ட் அல்லர்டைஸ்.
பதினைந்து வருடத்தில் அவையில் மூன்று முறை பேசினார்,
அதில் இரண்டு பழ ஈயைப் பற்றி.
ஐந்து தேர்தலும் அவருக்குத்தான்.
ஒரு முறை எதிர்த்து நிற்க ஆளே கிடைக்கவில்லை.

பிறகு தோப்பு மனையானது.
ஃப்ரிட்ஜ் தொழிற்சாலை வந்தது.
கிரேக்கத் தீவுகளிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்தவர்கள்
ஷிப்டுக்கு ஷிப்டு கதவு பொருத்தினார்கள்.
குடியுரிமை கிடைத்த கையோடு
எழுபத்தொன்பதில்
அல்லர்டைஸின் மருமகனை
நானூற்றுப் பன்னிரண்டு வாக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று முதல் ஊஞ்சல்தான்.
கொரிங்டேல் எந்தப் பக்கமோ ஆட்சியும் அந்தப் பக்கம்
என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள்.
மூன்று முறை அது பொய்த்தது.
அதைச் சொல்வதில்லை.

எனக்கு இதில் என்ன?
எண்பத்தைந்து முதல்
ஆரம்பப் பள்ளி மண்டபத்தில் வாக்கு எண்ணுகிறேன்.
வெளியே வெங்காயத்தோடு சாஸேஜ் வேகும்.
உள்ளே நூல் கட்டிய பென்சில்.
வராவிட்டால் அபராதம் என்பதற்காகவே வந்தவர்கள்
கோபத்தைச் சீட்டில் தீர்த்துவிட்டுப் போவார்கள்:
டை கட்டிய கங்காரு,
வேட்பாளர் எல்லோருக்கும் மீசை.

எண்பத்தெட்டில் அதை முதலில் பார்த்தேன்.
கட்டங்கள் காலி. விளிம்பில்
ஆணி அடித்த மாதிரி எழுத்து:
'27, டல்லக் தெரு. வாசலில் சாக்கடைத் தண்ணீர்.'
ஏழின் இடுப்பில் குறுக்காக ஒரு கோடு,
கடலுக்கு அப்பால் பள்ளி போனவர்கள் போடுவார்களே, அது.
செல்லாத சீட்டு.
ரப்பர் பேண்டு போட்டு அடுக்கினேன்.

தொண்ணூற்றிரண்டில்: 'இன்னும் தண்ணீர்.'
தொண்ணூற்றாறில்: 'படுக்கையறை வரை.'
அடுத்த முறை வெறும் '27.'

அந்த முறைதான்
ஸ்டாவ்ரூலா கன்டாரிஸ் பத்தொன்பது வாக்கில் ஜெயித்தார்.
மறு எண்ணிக்கையில் பதினேழு.
கட்சிக்காரர்களின் மூச்சு என் கழுத்தில்.
என் கண்ணோ
செல்லாத ஆயிரத்து நூற்றாறின் மேல்.

சாக்கடை நகராட்சியின் வேலை,
மாநிலத்துக்கு அதில் கையில்லை.
யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.
சொல்லியும் எழுதினாரோ.

நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள்.
போனேன், காரில், தெருமுனை வரை.
இரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.
திரும்பிவிட்டேன்.
அன்று மழையும் இல்லை.

கடைசித் தேர்தலில் ஏழு பேர் நின்றார்கள்.
செல்லாதவற்றைத்தான் முதலில் புரட்டினேன்.
இல்லை.
சரி, வயதாகியிருக்கும், என்று
மிச்சத்தை எண்ண உட்கார்ந்தேன்.

ஒன்பதரை மணிக்கு, மூன்றாவது கட்டில்,
ஒன்று முதல் ஏழு வரை
ஒரு கட்டம் விடாமல் நிரப்பிய சீட்டு.
ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு.

அவர்தானா?
அப்படி எழுதுகிறவர்கள் இங்கே ஆயிரம் பேர் இருப்பார்கள்.
விளிம்பில் ஒரு சொல்லும் இல்லை.
தண்ணீர் வடிந்ததா, வீட்டை விற்றாரா,
அல்லது அலுத்துப்போய்
எல்லோரையும் போல ஆகிவிட்டாரா.

முதலிடம் யாருக்கு என்று கேட்காதீர்கள்.
ஏழாவது இடம் யாருக்கு என்றாவது...
அதையும் சொல்லக் கூடாது.

"செல்லும்" என்றேன்,
கொஞ்சம் உரக்க.
பக்கத்து மேசை டுயெட் லாம் நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்த சீட்டை எடுத்தேன்.
யாரோ தன் நாயின் பெயரை எழுதி
அதற்கு ஒன்று போட்டிருந்தார்கள்.