இடது முழங்கால்

ரெய்ஸ்தோர்ப்பில் டயர்க் கடைக்கு மேலே
எங்கள் கிளப் அலுவலகம்.
எட்டு மணிக்கு மின்சாரம் போகும் என்று தெரிந்தேதான்
ஏழரைக்குக் கூட்டம் வைத்தார் செயலாளர் பூபாலன் செட்டி.
இருட்டில் யாரும் நீளமாகப் பேசமாட்டார்களாம்.

பேசினார்கள்.

பிரிட்டோரியாக்காரர்கள் தவேந்திரனைக் கேட்கிறார்கள்.
பதிலுக்கு இரண்டு நடுக்கள ஆட்டக்காரர்கள்,
பதினெட்டு வயதில் ஒரு கோல்கீப்பர்,
மேலே எண்பதாயிரம் ராண்ட்.
சீசனுக்கு இருபத்திரண்டு கோல் போடுகிறவனுக்கு
இது காணுமா?

என்னை அழைத்ததற்குக் காரணம் ஹாக்கி இல்லை.
அடிபட்ட கார்களுக்கு விலை சொல்கிறவன் நான்,
இன்சூரன்ஸ் கம்பெனியில், பத்தொன்பது வருஷமாக.
பம்பரைத் தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்
உள்ளே சட்டம் வளைந்திருக்கிறதா என்று.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன்" என்று தொடங்கினார் ஒருவர்.
யானைக்குச் சரி,
டொயோட்டாவுக்கு அப்படி இல்லை என்றேன்.
வருகிற பையன்களைப் பற்றி, "தானத்துக்கு வந்த மாட்டை..." என்றார் இன்னொருவர்.
இது தானம் இல்லை அய்யா,
பல்லைப் பிடித்துத்தான் பார்க்கணும்.

மெழுகுவத்தியைத் தாள்மேல் சொட்டாமல் நகர்த்திவிட்டுக்
கட்டம் போட்டேன்.
எண் ஒன்பது. வயது இருபத்தொன்பது.
உயரம் ஐந்தடி பத்தங்குலம்.
இருபத்திரண்டில் பதினேழு, பெனால்ட்டி கார்னரில் வந்தவை.
கடைசிக் கால்மணி நேரத்தில் போட்டது மூன்றே மூன்று.
பந்து போனால் திரும்பி ஓடுவதில்லை,
கைதட்டல் ஓய்ந்தபின் நடந்து வருகிறான்.
அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு.

அந்த இடத்தில் பேனா நின்றது.
இந்த வரியை நான் படித்திருக்கிறேன்.

டர்பன் ஆவணக் காப்பகத்தில் ஒரு முறை
என் பாட்டனின் தகப்பனைத் தேடி எடுத்தேன்.
கப்பல் பட்டியல். வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் கையெழுத்து,
சொல்லக் கூடாது, அழகானது.
எண். வயது. உயரம்.
இடது முழங்காலில் தழும்பு.
மாதம் பத்து ஷில்லிங்.
எனக்கு முன்னாலேயே எவனோ என் வேலையைச்
சுத்தமாகச் செய்து வைத்திருந்தான்.

கிழித்துப் போட்டிருக்கலாம்.
அலுவலக வாடகை நாலு மாசம் பாக்கி.
பூபாலன் டார்ச்சை என் தாள்மேலேயே பிடித்திருந்தார்.

அப்போது படியேறி வந்தான் தவேந்திரன்,
கையில் பாதி தின்ற பன்னி சௌ, விரலெல்லாம் குழம்பு.
"எவ்வளவு போட்டிருக்கே, சாக்ரன் அண்ணே?"

மென்றுகொண்டே படித்தான்.
நாங்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.
"பதினேழு இல்லை, பதினாறு.
ஹோவிக் மேட்ச்சில் என் மட்டையிலே படவே இல்லை,
லுயாண்டா அடிச்சது.
எனக்கு எழுதிட்டாங்க, நானும் வாயைத் திறக்கலை."
பிறகு குனிந்து முழங்காலைத் தட்டினான்,
பம்பரை நான் தட்டுவேனே, அதே மாதிரி.
"இது இன்னும் ஒரு சீசன். அதுக்கே சந்தேகம்.
இந்த வாரமே தள்ளிவிடுங்க.
காசைக் குறைச்சாலும் குறைச்சுக்குங்க,
அந்தக் கோல்கீப்பர் பையனை விட்டுடாதீங்க.
போன வருஷம் என்னோட நாலு அடியைத் தடுத்தான்.
நாலாவதுக்கு, நான் மட்டையை எடுக்கறதுக்குள்ளே சாஞ்சிட்டான்."

மின்சாரம் வந்தது.
அவரவர் முகம் அவரவருக்குத் திரும்பக் கிடைத்ததில்
ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை.

உள்பழுதை மறைத்து எழுதினால்
என் தொழிலில் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.
பதினேழை அடித்துப் பதினாறு ஆக்கினேன்.
தழும்புக்குப் பக்கத்தில் என்ன எழுதலாம் என்று
அவனையே கேட்டேன்.
"தழும்புன்னே இருக்கட்டும், பொய் இல்லையே" என்று சொல்லி
பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டான்.
அங்கே கையெழுத்துக்கு நான் இடமே விடவில்லை.

அவர்கள் போனபின்
ஓரத்தில் பட்டிருந்த குழம்பை ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தேன்.
மஞ்சள் போகவில்லை.