இருபத்தெட்டு டிகிரி இரவு

பகல் சூட்டைப் பயறு பொறுத்துக்கொள்ளும்.
இருமேனி மணலில் மூன்று கோடை நின்று
நான் கண்டது இவ்வளவுதான்:
கொல்வது இராத்திரி.

விடியுமுன் நாலரைக்குப் போய்
டார்ச் அடித்து வெப்பமானியைப் படிப்பேன்.
சோழகம் வீசிய இரவென்றால் இருபத்தைந்து.
கடல் மூச்சடக்கிக் கிடந்த இரவென்றால்
இருபத்தெட்டு, இருபத்தெட்டரை.
அந்தக் காலைகளில்
செடிக்கடியில் ஊதாப் பூக்கள் கொட்டிக் கிடக்கும்,
ஊரையே அழைத்து
ஒருவரும் வராத வீட்டு வாசல் மாதிரி.
குனிந்து எண்ணுவேன்.
காம்போடு விழுந்தவை தனி,
காம்பில்லாமல் விழுந்தவை தனி.

தட்டைப்பயறு, ஐந்து ரகம்.
பெயர் கிடையாது, எண்தான்.
திறந்தவெளியில் ஒரு பாத்தி.
பாலித்தீன் கூடாரத்துக்குள் ஒன்று, இரண்டு டிகிரி கூடுதல்.
அதற்கடுத்த கூடாரம் நாலு டிகிரி.
"முப்பது வருசம் கழித்து இந்த ஊர்
இப்படித்தான் இருக்கும்" என்றார் நஸ்ரின் மேடம்,
ஜிப்பை இழுத்து மூடியபடி.
நான் அந்த முப்பது வருசத்துக்குள் போய்
களை பிடுங்கிவிட்டுப்
பன்னிரண்டு மணிக்கு வெளியே வருவேன்.
வெளியே முப்பத்தாறு.
ஜில்லென்று இருக்கும்.

மூன்றாம் எண் சூட்டில் கொண்டாடியது.
ஆளுயரக் கொடி, தழைதழையாய் இலை.
காய் பதினொன்று.
இரண்டாம் எண் ஒரு பூவையும் விடவில்லை,
காயை உரித்தால் பாதி விதை சப்பை.
ஒன்று காய்ந்தே போனது, அதைப் பற்றி என்ன சொல்ல.
ஐந்தாம் எண் முழங்காலைத் தாண்டவில்லை.
செடிக்கு நாற்பது காய்,
அதுவும் கடைசிக் கூடாரத்தில்.
நானும் ஜெசிந்தாவும் அதற்குக்
குட்டையன் என்று பெயர் வைத்தோம்.
மேடம் முன்னால் ஐந்து என்றே சொல்வோம்.

நாலாம் எண்ணில் விசேசம் ஒன்றுமில்லை.
எல்லாவற்றிலும் நடுவில்.
ஒரு வெள்ளிக்கிழமை லூர்துசாமியின் வெள்ளாடு
வேலியைப் பிரித்து வந்து
திறந்தவெளியில் நாலை மட்டும் தரைமட்டமாக மேய்ந்தது.
பக்கத்துப் பாத்தியில் ஐந்து.
மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.
நோட்டில் "ஆடு" என்று எழுதினேன்.
மேடம் அதை அடித்து
"விடுபட்ட தரவு" என்று எழுதினார்.

வைகாசியில் வேகவைக்கும் சோதனை.
கேன் தண்ணீர், ஸ்டவ், ஸ்டாப்வாட்ச்.
குட்டையன் இருபத்திரண்டே நிமிடம்,
விரலில் வெண்ணெயாய் நசுங்கினான்.
விளைச்சலும் தரமும் ஒரே ரகத்தில்!
மேடம் அன்று எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார்.

மிஞ்சிய கால் கிலோவை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
எங்கள் ஊற்றில் மாசி வரைக்கும் நல்ல தண்ணி.
வைகாசியில் கடல்
அடிவழியே வந்து உட்கார்ந்திருக்கும்.
அரை மணி. முக்கால் மணி.
குக்கரில் மாற்றி எட்டு விசில்.
திறந்தால் ஒவ்வொரு பயறும் முழுசாய்க் கிடந்து
கருங்கண்ணால் என்னைப் பார்த்தது.
மகன் ஒன்றைக் கடித்துவிட்டு,
"யம்மா, சரளை" என்றான்.
காசு கொடுத்த கேஸ். தின்றோம்.

தாளில் கட்டங்கள் உண்டு:
ரகம், வெப்பம், பூ, காய், எடை, வேகும் நேரம்.
ஓரத்தில் பென்சிலால் கோடிழுத்து
இன்னொரு கட்டம் போட்டேன்.
தலைப்பில் எழுதினேன்: எந்தத் தண்ணீர்.

மேடம் ரொம்ப நேரம் பார்த்தார்.
ரப்பர் அவர் கையில்தான் இருந்தது.
"நாளைக்கு ஒரு குடம் கொண்டு வா" என்றார்.

மறுநாள் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தோம்.
கூடாரத்தில் விளைந்த பயறு, எங்கள் ஊற்றுத் தண்ணீர்.
நாற்பதாம் நிமிடத்திலும்
குட்டையன் கல்லாய்க் கிடந்தான்.
முப்பத்தோராம் நிமிடத்திலேயே
நசுங்கியிருந்தது நாலு.

மேடம் என்னைப் பார்த்தார்.
நான் வேலிப் பக்கம் பார்த்தேன்.