செலவுக் கணக்கில் ஒரு கண்ணாடி

முதல் கண்ணாடி
சத்தியவேட்டிலிருந்து வரும் பஸ்ஸிலேயே உடைந்தது.
மடியில்தான் வைத்திருந்தேன்.
செக்போஸ்ட் தாண்டி ஒரு வேகத்தடை.
"அய்யய்யோ" என்றார் கண்டக்டர்,
எனக்கா கண்ணாடிக்கா தெரியவில்லை.
புலிக்கும் முயலுக்கும் வாங்கியது
பதினொரு துண்டாய் என் மூக்கையே காட்டிற்று.

மறுநாள் மறுபடியும் மஸ்தான் வலி கடை.
அவர் தெலுங்கில் அங்குலம் சொன்னார்,
நான் விரலை விரித்துக் காட்டினேன்.
எட்டுக்குப் பத்து.
குழந்தை முகத்துக்கு அவ்வளவு போதும்.
அதைவிடப் பெரிதென்றால்
பின்னால் ராட்டினம் தெரியும்,
பஞ்சுமிட்டாய் தெரியும்,
தலை திரும்பும்,
பூனை மீசை காதுவரை போய்விடும்.

உடையாதது வேண்டுமென்றேன்.
அக்ரிலிக் ஒன்றை எடுத்து வளைத்துக் காட்டினார்.
முப்பத்தைந்து ரூபாய்.
வளைகிறது, உண்மைதான்.
முகமும் கூடவே வளைகிறது.
அதில் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும்
பொன்னுக்கு வீங்கிய கன்னம்.
சரியென்று இரண்டையும் வாங்கினேன்,
பிள்ளைகள் கையில் கொடுக்க அது,
நான் பிடித்துக் காட்ட இது.
இதன் ஓரம் முழுக்க
சைக்கிள் டியூபைக் கத்தரித்து ஒட்டினேன்.

ஊத்துக்கோட்டைப் பொருட்காட்சியில்
நாலு மணி வெயில் தட்டிக்குள் நுழையும்.
கண்ணாடியை நிமிர்த்தினால்
எதிர்க்கடை பஜ்ஜிக்காரர் கண்ணில் அடிக்கும்.
திட்டுவார், இரண்டு பாஷையிலும்.
கவிழ்த்தே வைத்திருப்பேன்.
நடுவில் காட்டவும் கூடாது:
பாதிப் புலியைப் பார்த்த பிள்ளை
மீதிப் புலிக்கு உட்காராது.
ஆனால் தொடங்குமுன் ஒருதரம்
வெறும் முகத்தைக் காட்டிவிட வேண்டும்.
காட்டாமல் வரைந்த முயலைப் பார்த்து
"யாரு, யாரு" என்று
மூச்சு முட்ட அழுதாள் ஒரு ரெண்டு வயசுக்காரி.
அன்றிலிருந்து.

அம்மாக்கள் பொட்டை நேராக்க வாங்குவார்கள்.
பந்தோபஸ்து போலீஸ்காரர்
மை போட்ட மீசையை
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போனார்.
காசு கேட்கவா முடியும்?
விரல் எண்ணெயை மட்டும்
செய்தித்தாளால் துடைத்தேன்.

ஓங்கார் வந்தது மூன்றாம் நாள்.
புலி வேண்டாம் அவனுக்கு.
"நா பேரு ராயி அக்கா" என்று
கன்னத்தைக் காட்டினான்.
தெலுங்கு எழுத எனக்கு வராது.
அவன் தண்ணி பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து
சுழி சுழியாய் நீலத்தில் இழுத்தேன்.
சரியாக இருக்கிறதென்றாள் அக்கா மோக்ஷிதா.

கண்ணாடியைக் காட்டினேன்.
"இது என் பேரு இல்ல."
பாட்டிலையும் கண்ணாடிக்குக் காட்டினேன்.
அதிலும் இல்லை.
உதடு பிதுங்கிற்று.
ஊருக்கெல்லாம் சரியாகத் தெரியும்டா என்றேன்.
ஊர் எனக்கென்ன என்பதுபோல் பார்த்தான்.

ஈரத் துணி எடுத்தேன்.
கண்ணாடிக்குள் தெரிந்த பாட்டிலைப் பார்த்து
தலைகால் புரியாமல்
அதையே இழுத்தேன் மறுபடி.
கை நடுங்கிற்று, புலிக்குக்கூட நடுங்காத கை.
இப்போது பார்த்தவன்
ஒவ்வொரு எழுத்தாய் வாய்விட்டுப் படித்தான்.
சிரித்தான்.

"என்னடா கிறுக்கல் இது" என்றாள் மோக்ஷிதா.
கொஞ்சம் யோசித்தான்.
பெட்டிமேல் கிடந்த அக்ரிலிக்கை எடுத்துக்
கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு
"இதுல படி" என்றான்.
வீங்கிய கன்னத்தில் வீங்கிய பெயர்.
படித்தாள்.
அடுத்து பஜ்ஜிக்காரர்,
அடுத்து ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிப்பவர்.
எல்லாரும் படிக்கவேண்டியிருந்தது.

ஐந்தரை பஸ்ஸுக்கு அம்மா இழுத்தபோதும்
கீழே வைக்கவில்லை.
அவர் பர்ஸைத் திறந்தார்.
எடுத்துப் போகட்டும் என்றேன்.
நோட்டில் எழுதினேன்:
அக்ரிலிக், முப்பத்தைந்து, செலவு.

மையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
ஆரணியாற்றுப் பாலத்தின்மேல் போன பஸ்ஸிலிருந்து
வெளிச்சம் ஒன்று தாவி வந்து
பஜ்ஜிக்காரர் கண்ணில் அடித்தது.
என்னைத்தான் திட்டினார், இரண்டு பாஷையிலும்.
என் கண்ணாடி
கவிழ்ந்துதான் கிடந்தது.