மூன்றாம் மட்டம்

பதினெட்டு வருடம் பூட்டிக் கிடந்த நீச்சல்குளம்.
சேறு அள்ளிய முதல் நாள்
மெர்ஃபினுக்குக் கிடைத்தது
ஒரு தள்ளுவண்டியும் பாதி பல்செட்டும்.

பங்கு ஒன்று இருபது பவுண்டு.
இறைச்சிக்கடை இட்ரிஸ் நான்கு வாங்கினான்,
நீச்சல் தெரியாது அவனுக்கு.

மூடிய சுரங்கத்தில் நிரம்பிய தண்ணீர்
தானாகவே வெதுவெதுப்பு.
குழாய் இறக்கி
சூட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறோம்;
தண்ணீர் திரும்பிவிடும் இருட்டுக்கு.

திறப்பு நாளில்
வேல்ஸின் வழக்கமான தூறல்.
கவுன்சிலர் கத்தரியைத் தேடுகையில்
குவென்லியன் குதித்துவிட்டாள்.
அவள் அப்பா கீழேதான்,
மூன்றாம் மட்டத்தில்.
அன்று எடுக்க முடியவில்லை.

மல்லாந்து மிதந்தாள்.
"எப்படி இருக்கு?" என்று கத்தினோம்.
காதுகள் நீருக்குள்.
கேட்கவில்லை போல.