பதிமூன்று ஏ

இரவு பத்து இருபது, ஜெலுத்தோங்.
சாப்பாட்டு மேசையில் பூன் கியாட்டின் கேமரா,
ஒற்றைக் கண்ணும் உடைந்த மூடியுமாக.
ரெலாவில் அவன் பட்டறை.
சர்க்கியூட் பலகையில் ஈயம் ஒழுங்காய் ஒட்டியதா என்று
குனிந்து பார்க்கிற கேமரா இது.
செய்த கம்பெனி மூடிப் போய்விட்டது.
வீடு மாறுகிறவர்கள் பழைய மெத்தையைப்
படிக்கட்டில் சாத்திவிட்டுப் போவதுபோல
மூல நிரலை மட்டும் விட்டுப் போயிருக்கிறது.
காலை எட்டுக்கு வேண்டுமாம்.

மேக் என்று தட்டினேன்.
நூறு வரி கடகடவென்று ஓடி
நூற்றோராவதில் நின்றது:
லிப்யூஎஸ்பி.ஹெச்,
அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை.

இருக்கிறதே!
நூலகத்தைக் கண்ணால் பார்த்தேன்,
பூட்டிய இரும்புப் பெட்டிபோல உட்கார்ந்திருக்கிறது.
ஓடுகிற நிரலுக்கு அது போதும்.
கட்டுகிற நிரலுக்குப் போதாது.
பெட்டிக்குள் யார் யார்,
எதைக் கொடுத்தால் எதைத் திருப்பித் தருவார்கள் என்று
முன்கூட்டிச் சொல்லும் ஒரு தாள் வேண்டும்.
அந்தத் தாளைத்தான் காணோம்.

ஒரு திருட்டு வேலை செய்தேன்.
பழைய மடிக்கணினியில் அதே பேரில் ஒரு கோப்பு கிடந்தது.
எடுத்து வந்து நடுவில் செருகினேன்.
தொகுப்பான் வாயை மூடிக்கொண்டது.
எனக்கே என்னைப் பிடித்துப்போனது, நான்கு நிமிடம்.
கேமரா கண்ணைத் திறந்தது, செத்தது.
திறந்தது, செத்தது.
ஆறு வருஷத்துக்கு முந்தைய பத்திரிகையோடு
இன்றைக்குப் பந்தியில் உட்காரப் போனால் இப்படித்தான்:
மண்டபம் அதே மண்டபம், மாப்பிள்ளை வேறு.

அழித்தேன்.
பேருக்குப் பின்னால் டெவ் என்று வால் முளைத்த பொதியை
முறையாக இறக்கினேன்.
மறுபடி மேக்.
மறுபடி அதே வரி, அதே இல்லை.

தமிழில் இல் என்றால் வீடு.
இல் என்றால் இல்லாததும்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்
ஒருநாளாவது
யார் வீட்டையோ தேடி அலைந்திருப்பார்.

போன் அடித்தது. கீழே நாசி கண்டார்.
‘அக்கா, பதினாலாம் மாடின்னு போட்டிருக்கீங்க,
லிப்ட்டுல பதினாலே இல்ல.’
மழை சொட்டும் குரல்.
பிரகலாதன் என்று திரை சொன்னது.
சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து
ரெண்டு வாரம்தான் ஆகிறதாம்.
‘பதிமூணு இருக்கு, அப்புறம் ஏதோ ஏ, அப்புறம் பதினஞ்சு.’

நாலு என்றால் சீனக் காதில் சாவு என்று விழும்.
கட்டியவர் எண்ணைத்தான் எடுத்தார்,
மாடியை எடுக்கவில்லை.
பன்னிரண்டு வீடு, எல்லாவற்றிலும் ஆள்,
ஒன்றில் ஓயாமல் குரைக்கும் நாய்.

‘அந்த ஏ-வை அமுக்குங்க தம்பி’ என்றேன்.
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம்
போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கோப்பு இருந்தது.
தன் பதிப்பெண்ணையே பேராய் மாட்டிய
ஓர் உள்ளடைவுக்குள், ஒரு மாடி மேலே.
தொகுப்பான் தரைத்தளத்தை மட்டும் சுற்றிப் பார்த்து
இல்லை என்று எழுதிப் போயிருக்கிறது.
பொய் சொல்லவில்லை, பாவம்.
தேடிய இடத்தில் இல்லைதான்.

ஒரு சின்னக் கோடு, ஒரு பெரிய ஐ,
இடைவெளி விடாமல் முகவரி.
மேக்.

நூற்றொன்று. நூற்றிரண்டு.
நடுவே இரண்டு எச்சரிக்கை, போகட்டும்.
முந்நூற்றுச் சொச்சத்தில்
மணியடித்தான் பிரகலாதன்.
மழைச்சட்டையிலிருந்து வாசலில் ஒரு குளம்.

பொட்டலத்தை மேசையில் வைத்துத் திரும்பினால்
திரையில் முதல் படம்:
ரப்பர் வளையம், வாழையிலையின் நரம்பு,
காகிதத்தில் ஊறும் குழம்பு,
எல்லாம் தலைகீழாக.

தலைகீழ் வேறு வழக்கு.
சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.